காட்டுப் பூவுக்கு ஒரு மூலை

'தோட்டம்' என்ற சொல்லை வேதாகமத்தில் வாசிக்கும்போது நம் மனக்கண்முன் ஒரு காட்சி தோன்றுகிறது. வீட்டில் பேசும்போது வேறொரு காட்சி தோன்றுகிறது. ஆதியாகமத்தின் தோட்டம் கடவுளே நட்ட தோட்டம். அதைப் பண்படுத்தவும் காக்கவும் அவர் மனிதனை அங்கே வைத்தார் என்று அதன் இரண்டாம் அதிகாரம் சொல்லுகிறது. சபரகமுவ மலைகளில் வாழும் நம்மவருக்கோ, தோட்டம் என்றால் விடியற்காலைப் பெரட்டு, முதுகில் கொழுந்துக் கூடை, கையில் பால் வெட்டும் கத்தி, மாலையில் தராசு. பலாங்கொடையாயினும் இறக்குவானையாயினும், எட்டியாந்தோட்டையாயினும் தெரணியகலையாயினும் இதுவே நம் தோட்டம்.

இந்த இரண்டு தோட்டங்களுக்கும் நடுவே மூன்றாவது தோட்டம் ஒன்று உண்டு. அது லயத்து வாசலில், இஸ்தோப்புக்கும் கானுக்கும் இடையே கிடக்கும் சில முழ மண். அதில் நான்கு மிளகாய்ச் செடி, ஒரு வல்லாரைப் பாத்தி, ஒரு செவ்வரத்தை, மாதா சுரூபத்துக்கு வைக்க இரண்டு ரோசாச் செடி. நாள் முழுவதும் பிறருடைய செடியைப் பராமரித்து வந்த கைகள், பொழுது சாயும் வேளையில் தம்முடைய செடியைத் தொடுகிற இடம் அது. இந்தத் தவக்காலத்தில் அந்தச் சில முழ மண்ணைப் பற்றியே உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

ஏன் தவக்காலத்தில்? ஏனெனில் நம் பகுதியில் தவக்காலமும் வெயில் காலமும் கைகோர்த்து வருகின்றன. இரத்தினபுரி ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பெறும் ஊர். ஆயினும் தை முதல் பங்குனி வரை வானம் கை மூடிக்கொள்ளுகிறது. இறப்பர் மரங்கள் இலையுதிர்த்து நிற்கின்றன. நண்பகல் வெப்பம் 33 பாகையைத் தாண்டுகிறது. பீலியில் கைத்தடிப் பருமனில் விழுந்த தண்ணீர் விரற்கடையளவாகிறது. குடத்தை வைத்துவிட்டுக் காத்து நிற்கும் தாய்மாரின் வரிசை நீளுகிறது. இப்படிப்பட்ட காலத்தில், "சுவாமி, குடிக்கவே தண்ணீர் போதவில்லை, பூச்செடிக்கு எங்கே ஊற்றுவது?" என்று ஒரு தாய் கேட்டால், அவள் கேட்பது நியாயமே. அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் பூவைப் பற்றிப் பிரசங்கம் செய்பவன், பசித்தவனுக்குப் பாட்டுப் பாடுகிறவனே ஆவான்.

மறுமொழியை நம் ஆண்டவரிடமே தேடுவோம். மத்தேயு நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில் உணவையும் உடையையும் பற்றிக் கவலைப்பட்டு நின்ற ஏழைகளிடம் பேசும்போது, அவர் வெளியிலே பூத்துக் கிடந்த பூக்களைச் சுட்டிக்காட்டினார். இங்கே இரண்டு காரியங்களை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, அவர் அரண்மனைத் தோட்டத்துப் பூவைக் காட்டவில்லை. எருசலேமிலே ஏரோதின் மாளிகையில் நீர் பாய்ச்சி வளர்த்த சோலைகள் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு, ஒருவரும் நடாத, ஒருவரும் நீர் ஊற்றாத காட்டுப் பூவை அவர் தெரிந்துகொண்டார். அது கலிலேயா மலைகளில் மாரிக்குப்பின் செக்கச் செவேலென்று பூக்கும் அனிமோனிப் பூவாக இருக்கலாம் என்பது வேத விற்பன்னர் பலரின் கருத்து. சாலமோன் அரசனின் உடையும் அதற்கு ஈடாகாது என்றார் ஆண்டவர்.

இரண்டாவது, அந்தப் பூ வெயிலில் காய்ந்து போகும் பூ. பாலஸ்தீனத்தில் மாரி முடிந்து அனல் காற்று வீசத் தொடங்கினால் மலைப்புல்லும் பூவும் சில நாட்களில் சருகாகிவிடும். விறகு அரிதான அந்நாட்டில் பெண்கள் அந்தச் சருகை வாரி அடுப்பெரிப்பார்கள். ஆண்டவர் இதை மறைக்கவில்லை. அதே வாக்கியத்தில் அடுப்பையும் குறிப்பிட்டார். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த குடியானவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். மேலே இலை கருகினாலும் அனிமோனியின் கிழங்கு மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும். அடுத்த மாரியில் மறுபடியும் அதே இடத்தில் பூக்கும். சொந்த மண்ணில் வேர் கொண்ட பூவுக்குக் கோடை முடிவல்ல, அது ஓய்வு.

நம் நாட்டிலும் இத்தகைய பூக்கள் உண்டு. கார்த்திகைப் பூவைப் பாருங்கள். வறண்ட காலத்தில் கொடியைக் கைவிட்டுக் கிழங்கோடு ஒடுங்கிவிடுகிறது. மழை கண்டதும் துளிர்த்து வேலியைப் பற்றிக்கொண்டு தீக்கொழுந்துபோல் மலருகிறது. (அதன் கிழங்கு கொடிய நஞ்சு, குழந்தைகள் விளையாடும் வாசலில் அதை வைக்க வேண்டாம்.) வழியோரத் தும்பை யாரிடமும் தண்ணீர் கேட்பதில்லை. வெட்சி வெயிலுக்கு அஞ்சுவதில்லை. அதன் தேனை வண்ணத்துப்பூச்சிகள் நாடி வருகின்றன. நம் சிங்கள அயலவர் ஹீன் போவிட்டியா என்று அழைக்கும் ஊதாப் பூச்செடி, இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத செடி. ஈரல் நோய்க்கு அதன் இலையை நாட்டு வைத்தியர்கள் பயன்படுத்துகிறார்கள். அதன் உறவான மஹா போவிட்டியாவின் பழத்தைத் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொள்ளாத தோட்டத்துப் பிள்ளை உண்டோ? புரட்டாதி மாதத்தையொட்டிப் பூக்கும் பினர மல்லும், மே மாதத்தில் இப்பகுதி மழைக்காடுகளின் மரங்களில் பூக்கும் வெசாக் ஓர்கிட்டும் இவ்வாறே இலங்கைக்கு மட்டும் உரியவை. 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமைத் தலமாக்கப்பட்ட சிங்கராஜ வனத்தின் ஒரு பகுதி நம் இரத்தினபுரி மாவட்டத்திலேயே இருக்கிறது. செல்வம் நம் கதவருகே இருக்கிறது. நாம் அதைப் 'புல்' என்று ஒரே சொல்லில் வெட்டி எறிகிறோம்.

ஆகவே அந்தத் தாய்க்கு மறுமொழி இது: அம்மா, குடத்துத் தண்ணீரைப் பூவுக்கு ஊற்றச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்காத பூவுக்கு ஒரு மூலையை விட்டுவையுங்கள். ரோசாவுக்கும் டேலியாவுக்கும் தண்ணீர் வேண்டும், எரு வேண்டும், சந்தையில் கன்று வாங்கப் பணம் வேண்டும். காட்டுப் பூவுக்கு இடம் ஒன்றே வேண்டும். ஏழையின் தோட்டத்துக்கென்று கடவுள் அளித்த பூ அதுவே.

அன்பார்ந்தவர்களே, 'இந்த மண்ணுக்குரியது', 'வெளியிலிருந்து வந்தது' என்று பேசும்போது நம் மக்களின் உள்ளத்தில் ஒரு பழைய காயம் வலிக்கும் என்பதை அறிவேன். நம் முன்னோர் கடல் கடந்து வந்து 200 ஆண்டு நிறைவுற்றதை 2023ஆம் ஆண்டில் நினைவுகூர்ந்தோம். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம்மை அந்நியர் என்றது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நம்மைத் தலைக்கணக்காகப் பங்கிட்டது. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் இப்பகுதித் தோட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் சட்டி பானையையும் வாசற்செடியையும் விட்டுவிட்டு ஓடின. ஆதலால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுகிறேன். செடியைப் பற்றிச் சொல்வதை மனிதனுக்குப் பொருத்துவது பெரும் பாவம். செடிக்கு வித்து எங்கே தோன்றியதோ அதுவே தாயகம். மனிதனுக்கோ அவன் வியர்வை சிந்திய இடமும், தன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த இடமும், தன் தகப்பனைப் புதைத்த இடமும் தாயகம். எல்லா மனிதரும் ஒரே ஆதாமின் மக்கள். நம் தலைக்குமேல் நிற்கும் மலையைப் பாருங்கள். பௌத்தர் அதை ஸ்ரீபாத என்கிறார்கள். இந்துக்கள் சிவனொளிபாதம் என்கிறார்கள். இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஆதாம் மலை என்கிறார்கள். சிங்களத்தில் அதற்குச் 'சமனல கந்த' என்றும் பெயர். வண்ணத்துப்பூச்சி மலை என்று பொருள் கொள்ளலாம். யாத்திரைக் காலத்தில் கூட்டங்கூட்டமாக மலைநோக்கிப் பறக்கும் அந்தப் பூச்சிகள், எந்த லயத்து வாசல், எந்தக் கிராமத்து முற்றம் என்று பார்ப்பதில்லை. பூ இருக்கும் இடமெல்லாம் இறங்குகின்றன.

தேயிலையும் வந்த செடி. இறப்பரும் வந்த மரம். 1876ஆம் ஆண்டில் ஹெனரத்கொட பூங்காவுக்கு வந்த இறப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்களே நம் மலைகளில் நிற்கின்றன. அவற்றால் நாம் உண்கிறோம்; அவற்றைப் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே செடியால் மலை முழுவதையும் மூடினால் என்ன நேரும் என்பதையும் இந்நாடு கண்டிருக்கிறது. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையில் தோன்றிய துரு நோய், சில பத்தாண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்களை அழித்தது. கடவுள் பலவற்றைப் படைத்து, ஒவ்வொன்றையும் நல்லது என்று கண்டார். மனிதன் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் களை என்றான்.

இதற்கு மருந்தாக ஒரு புனிதர் காட்டிய வழி உண்டு. 1226ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்த அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், தம் சகோதரரின் மடத்துத் தோட்டத்தில் முழுவதிலும் கீரையும் காய்கறியும் பயிரிட விடவில்லை. காட்டுப் பூவும் மூலிகையும் தாமாக வளர்வதற்கென ஒரு பகுதியைத் தொடாமல் விடும்படி கேட்டுக்கொண்டார். அவற்றைக் காண்பவர் படைத்தவரை நினைக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு மே 24ஆம் திகதியிட்ட தமது 'லௌதாத்தோ சீ' நிருபத்தின் தொடக்கத்திலேயே இதை நமக்கு நினைவூட்டினார். யோசித்துப் பாருங்கள்: அந்தச் சகோதரர்கள் செல்வந்தர் அல்லர், பிச்சையெடுத்து உண்டவர்கள். ஒவ்வொரு சாண் நிலமும் அவர்களுக்கு ஒரு கவளம். இருந்தும் ஒரு மூலையை விட்டார்கள்.

மூலையை விடுவது பிரான்சிஸ் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. லேவியர் ஆகமம் 19ஆம் அதிகாரத்தில் கடவுள் இஸ்ராயேலருக்கு இட்ட கட்டளை ஒன்று உண்டு: அறுவடையின்போது வயலின் ஓரத்தை முற்றாக அறுக்கலாகாது, அது ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது. நமக்குரியது என்று நாம் நினைப்பதிலும் நமக்குரியதல்லாத ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பங்கை விட்டுவைக்கத் தெரிந்தவனே நிலத்தைக் காக்கத் தெரிந்தவன்.

இங்கே யாராவது கேட்கலாம்: "வயலின் சொந்தக்காரனுக்கு அல்லவா அந்தக் கட்டளை? எங்களுக்கு மூலையும் இல்லை, வயலும் இல்லையே." உண்மை. 10க்கு 12 அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை வாழ்ந்தும், அந்தக் காம்பராவுக்கும் வாசலுக்கும் உறுதி இல்லாதவர்கள் நம்மிடையே அநேகர். ஓய்வு பெற்றபின், பிள்ளைகள் தோட்டத்தில் பெயர் பதியாவிட்டால், இந்தக் காம்பராவில் இருக்க விடுவார்களா என்று அஞ்சும் முதியவர்கள் உண்டு. பூவைப் பாருங்கள், கூலியைப் பற்றியும் காணியைப் பற்றியும் வாய் திறவாதீர்கள் என்று போதிக்க ஆண்டவர் மலைமேல் ஏறவில்லை. நிலம் கடவுளுடையது என்று சொல்லும் அதே லேவியர் ஆகமம் 25ஆம் அதிகாரம், யூபிலி ஆண்டில் ஒவ்வொருவனும் தன் காணிக்குத் திரும்ப வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. ஆகவே 7 பேர்ச்சஸ் ஆனாலும் உறுதியோடு காணி கேட்பது பேராசையன்று, நீதி. அதைக் கேளுங்கள், கூடிக் கேளுங்கள். ஆனால் உறுதி வரும்வரை மண்ணைத் தரிசாகப் போட்டு வைக்காதீர்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியாஸ் தீர்க்கதரிசி எழுதி அனுப்பிய கடிதத்தில், வீடு கட்டித் தோட்டம் நடுங்கள் என்றே சொன்னார். அந்த மண்ணுக்கும் அவர்களிடம் உறுதி இல்லை. நடுகிறவன், 'நான் இங்கே வாழ்கிறேன்' என்று கடவுளுக்கும் உலகுக்கும் அறிவிக்கிறான்.

இனி, கையால் செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன். தவக்காலத்தின் தானமாக இவற்றைச் செய்யலாம்.

ஒன்று: வாசல் மண்ணை முற்றாகச் செதுக்கிப் பளிங்குபோல் வைப்பதைச் சுத்தம் என்று எண்ணாதீர்கள். மூடாத மண் வெயிலில் வெடிக்கும்; மழையில் கானோடு போகும். 2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி நீடித்த வறட்சியால் தவித்த இந்நாட்டை, 2017 மே மாதத்தில் வெள்ளமும் மண்சரிவும் தாக்கின, இரத்தினபுரி பெருந்துயருற்றது. அதற்கு முந்திய ஆண்டு மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலையே சரிந்தது. பூச்செடி மலைச்சரிவைத் தடுக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆபத்தான இடம் என்று அதிகாரிகள் அறிவித்தால் உடனே வெளியேறுங்கள். ஆனால் மழை தோறும் கழுவிப் போகும் மேல்மண்ணைச் சிறு வேர்கள் பிடித்து வைக்கும் என்பது உறுதி.

இரண்டு: வெட்டிய புல்லையும் உதிர்ந்த இலையையும் எரிக்காதீர்கள். செடியின் அடியில் நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டாமல் சிறிது இடைவெளி விடுங்கள். ஈரம் நிற்கும். பாத்தியின் அடியில் தேங்காய் மட்டையை நார்ப்பக்கம் மேலாகப் புதைத்தால் அது தண்ணீரை உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கும்.

மூன்று: அரிசி, மரக்கறி கழுவிய தண்ணீரை மிளகாய்க்கும் வல்லாரைக்கும் அந்தி சாய்ந்தபின் வேரடியில் ஊற்றுங்கள். நண்பகலில் ஊற்றும் தண்ணீரில் பெரும் பங்கை வெயில் குடித்துவிடும்.

நான்கு: காட்டுப் பூவைக் காட்டிலிருந்து பிடுங்கி வராதீர்கள். வெசாக் ஓர்கிட் அருகிப்போனதற்கு இத்தகைய ஆசையும் ஒரு காரணம். காய் முற்றி வெடிக்கும் தறுவாயில் வழியோரச் செடியிலிருந்து ஒரு கைப்பிடி வித்து எடுத்து, சித்திரை மழை தொடங்கியதும் மூலையில் தூவுங்கள்; வெட்சிக்குக் கொப்பு நட்டாலே போதும். அதேவேளை, மஞ்சள் பூவோடு தரையெல்லாம் படரும் வெடெலியாவையும் உன்னிச்செடியையும் அழகுக்கென்று வளர்க்க வேண்டாம். அவை தொலைதேசத்திலிருந்து வந்து, இங்குள்ள சிறு செடிகளை மூடிக் கொல்பவை.

ஐந்து: களைகொல்லி அடித்த இடத்தில் கீரை பறிக்காதீர்கள். கிளைபோசேற்று 2015ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டு, 2018ஆம் ஆண்டில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மறுபடி அனுமதிக்கப்பட்டது. மலையில் அடிப்பது நம் கையில் இல்லாதிருக்கலாம். வாசலில் அடிக்காமலிருப்பது நம் கையில் இருக்கிறது.

பூவால் என்ன பயன் என்று கேட்கும் கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. பூசணியிலும் பாகலிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீ வந்து தூளைக் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் பிஞ்சு வெம்பி விழும். காட்டுப் பூ இருக்கும் வாசலுக்குத் தேனீ வரும். தேனீ வரும் வாசலில் பூசணி காய்க்கும். ஆனால் தேனீ என்றதும் சிலர் அஞ்சுவார்கள். மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களையும், உயிரிழந்தவர்களையும் நாம் அறிவோம். அந்த அச்சத்தை நான் இலேசாக எண்ணவில்லை. பெரிய மரத்திலும் பாறையிலும் கூடு கட்டுபவற்றைக் கண்டால் விலகிச் சென்று மேலதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். வாசற்பூவுக்கு வருபவை பெரும்பாலும் சிறு தேனீக்களும், கொட்டும் கொடுக்கே இல்லாத கொசுத்தேனீக்களும், வண்ணத்துப்பூச்சிகளுமே. குழந்தைகளுக்கு அவற்றை வேறுபடுத்திக் காட்டுங்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்காத பாடம் அது. பாட்டிக்குத் தெரிந்த செடிப் பெயரைப் பேத்தி கேட்டுக் கற்கட்டும். கேளாமல் விட்டால் அந்தப் பெயர் பாட்டியோடு புதைந்துபோகும்.

அன்பார்ந்த விசுவாசிகளே, நம் மீட்பின் வரலாறு தோட்டங்களின் வரலாறு. ஒரு தோட்டத்தில் மனிதன் கடவுளை விட்டு ஒளிந்தான். ஒலிவ மலையடித் தோட்டத்தில் கடவுளின் மகன் இரத்த வியர்வை சிந்தினார். சிலுவையில் அறையப்பட்ட இடத்தருகே ஒரு தோட்டம் இருந்ததென்றும், அங்கேயே அவரை அடக்கம் செய்தார்கள் என்றும் அருளப்பர் எழுதுகிறார். மூன்றாம் நாள் விடியலில் அழுதுகொண்டு நின்ற மதலேன் மரியாள், உயிர்த்த ஆண்டவரைக் கண்டும் அறியாமல், தோட்டக்காரர் என்று எண்ணினாள். அவள் எண்ணியது முற்றிலும் பொய்யா? ஆதாம் காக்கத் தவறிய தோட்டத்தை மறுபடி காக்க வந்தவர் அவரே அல்லவா? அரசனைப்போலவோ துரையைப்போலவோ அவர் அவள் கண்ணுக்குத் தோன்றவில்லை. மண்ணைத் தொட்டு உழைக்கும் ஒரு தொழிலாளியைப்போலவே தோன்றினார். மண் படிந்த கையோடு வாசலில் நிற்கும் ஒவ்வொரு தாயும் தகப்பனும் இதை நினைத்துக்கொள்ளட்டும்.

உயிர்ப்புத் திருநாளன்று பீடத்துக்குக் கடைப்பூ வாங்கப் பணமில்லையே என்று வருந்த வேண்டாம். உங்கள் மூலையில் பூத்தது தும்பையானாலும் போவிட்டியாவானாலும் ஒரு கொத்துக் கொண்டுவாருங்கள். ஆண்டவர் அந்தப் பூவை அறிவார். ஏழைகளுக்குத் தம் தந்தையின் பராமரிப்பைக் காட்ட அவர் தெரிந்துகொண்டதும் அத்தகைய பூவே. தந்தை, மகன், பரிசுத்த ஆவியாகிய எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் வாசலையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.